நீ ஒதுக்கிவைத்த படம்

அன்புள்ள அம்மிணிக்கு,

மாமன் எழுதுகிறேன். நீ அனுப்பிய 412 கல்யாணப் படங்களையும் நேற்று ராத்திரி கடையை அடைத்த பிறகு பெரிய திரையில் போட்டுப் பார்த்தேன். முதலில் வேகமாக, பிறகு ஒவ்வொன்றாக. ஃபோகஸ் பிசகவில்லை. மேடையின் எல்.இ.டி. வெளிச்சத்தில் முகங்கள் வெளுத்துப்போகாமல் சமாளித்திருக்கிறாய். கேமரா பிடித்து ஆறு மாதம்கூட ஆகாத கைக்கு இது பெரிய காரியம். ஆனால் கடைசியில் ஒரு வரி எழுதியிருந்தாயே, "எல்லாம் சரியாத்தானுங் மாமா இருக்குது, ஆனா படத்துக்குள்ள யாருமே இல்லாத மாதிரி இருக்குது" என்று. அந்த வரிக்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லி முடிகிற விஷயமாக எனக்குத் தோன்றவில்லை.

'ரிஜெக்ட்' என்று நீ தனியாகப் போட்டுவைத்த ஃபோல்டரையும் திறந்தேன். 31 படம். அதில் ஒன்றைத் தாண்டிப் போக முடியவில்லை. இணைச்சீர் முடிந்து கூட்டம் கலைகிற நேரம். மாப்பிள்ளையின் தங்கை மணவறையை விட்டு இறங்குகிறாள். புதுப்புடவை, பழக்கமில்லாத கொசுவம், காலில் தட்டுகிறது. அண்ணன் வேறு யாருக்கோ தலையாட்டிக்கொண்டிருக்கிறான். ஆனால் அவன் இடது கை தன்பாட்டுக்குப் போய் அவள் முழங்கைக்கு அடியில் நிற்கிறது. பிடிக்கவில்லை, தொடவும் இல்லை. தடுக்கினால் தாங்குவதற்கு ஒரு விரற்கடை இடைவெளி விட்டு நிற்கிறது. அவன் முகம் பாதி வெட்டுப்பட்டிருக்கிறது, அவள் முதுகுதான் தெரிகிறது, படம் லேசாக ஆடியும் இருக்கிறது. அதனால் ஒதுக்கிவிட்டாய். அம்மிணி, நீ எடுத்த 443 படத்தில் ஆள் இருக்கிற படம் அது ஒன்றுதான்.

இணைச்சீர் என்பதே உடன்பிறந்தவளுக்காக நம் பெரியவர்கள் வைத்த சீர். கூறைப்புடவை அண்ணனையும் தங்கையையும் சேர்த்து நிற்க, அருமைக்காரர் முன்னின்று நடத்திவைக்கிறார். நாளைக்கு இவன் இன்னொருத்திக்குப் புருஷனாகப் போகிறான், அதற்கு முந்தி உன் பாத்தியதையைச் சொல்லிக்கொள் என்று தங்கைக்கு ஒரு நேரம் ஒதுக்கிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சீரை நீ நாற்பது படம் எடுத்திருக்கிறாய். நாற்பதிலும் அழகான முகம் இருக்கிறது, அண்ணன் தங்கை இல்லை. முகத்துக்குள்தான் உணர்ச்சி இருக்கிறது என்று நம்பி முகத்தையே துரத்தியிருக்கிறாய். எனக்குத் தெரிந்தவரை அது இரண்டு பேருக்கு நடுவில் கிடக்கிற இடத்தில் இருக்கிறது. அந்த விரற்கடை இடைவெளியை எடுக்கப் பழகுவதுதான் இந்தத் தொழிலில் கஷ்டம்.

பாதித் தடை உன் லென்ஸிலேயே இருக்கிறது. 85 எம்.எம். லென்ஸை எஃப் 1.4இல் திறந்துவைத்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று எடுத்தால், உன் ஃபுல் ஃப்ரேம் கேமராவில் தெளிவாக விழும் ஆழம் ஏறக்குறைய நாலரை சென்டிமீட்டர். கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலேயே அது தீர்ந்துவிடும். பக்கத்தில் நிற்கிற அம்மா பின்னணியோடு பின்னணியாகக் கரைந்துபோவாள். பெண்ணின் கண்ணிமை தெரிகிறது, அவள் யாரைப் பார்த்துக் கலங்கினாள் என்பது தெரியாமல் போகிறது. 35 எம்.எம். போட்டு எஃப் 4 வைத்து அதே தூரத்தில் நில். முக்கால் மீட்டர் ஆழம் கிடைக்கும். இரண்டு பேரும் தெரிவார்கள், இருவருக்கும் இடையே இருப்பதும் தெரியும். பின்னால் நாற்காலியும் தண்ணீர் பாட்டிலும்கூட விழும். விழட்டும். ஐ.எஸ்.ஓ. 3200க்கு ஏறிப் படம் கொஞ்சம் பொரிபொரியாக வந்தாலும் வரட்டும். ஆனால் 35 போட்டால் எட்ட நின்று எடுக்க முடியாது, நீ கிட்டே போயாக வேண்டும். கிட்டே போக உனக்குக் கூச்சமாக இருக்கிறது என்பது உன் படங்களிலேயே தெரிகிறது. அந்தக் கூச்சம் நல்லதுதான். அது போகும் வழியைச் சொல்கிறேன்.

உன் அப்பிச்சி, அதாவது என் அப்பா, கோபியில் கடை வைத்திருந்தபோது எங்களிடம் ஒரு யாஷிகா இருந்தது. இரட்டை லென்ஸ், 120 ரோல், ஒரு ரோலுக்கு 12 படம். கண்ணில் வைத்துப் பார்க்கிற கேமரா இல்லை அது. வயிற்றோடு அணைத்து, தலையைக் குனிந்து மேலிருந்து கண்ணாடியைப் பார்க்க வேண்டும். வலது இடதாகத் தெரியும். எதிரே நிற்கிறவர்களுக்கு உன் முகம் மறைவதில்லை. அவர்கள் முன்னால் தலை குனிந்துதான் படமே எடுக்க முடியும். அப்போதெல்லாம் சாவு வீட்டுக்கும் போட்டோக்காரரைக் கூப்பிடுவார்கள். இறந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து மாலை போட்டு, சுற்றிலும் குடும்பம் நின்று எடுத்துக்கொள்ளும். பல வீடுகளில் அந்த மனுஷனுக்கு இருந்த ஒரே படம் அதுவாகத்தான் இருக்கும்.

எனக்குப் பதினேழு வயதில் அப்படி ஒரு வீட்டுக்கு அப்பாவோடு போனேன். போனதும் நான் கேமராவை எடுத்தேன். "கீழ வெய்யி. மொதல்ல யாரு எங்க நிக்கறாங்கன்னு பாரு" என்றார். அரைமணி நேரம் வேப்பமரத்தடியில் நின்றோம். இறந்தவரின் தம்பி மட்டும் மாட்டுத் தொழுவத்துக்கிட்டேயே நின்றார். வரப்புத் தகராறு, பேச்சுவார்த்தை நின்று பல வருஷம். குடும்பப் படத்துக்கு எல்லாரும் கூடியபோதும் அவர் வரவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. அப்பா கேட்டபடி பதினோரு படம் எடுத்து முடித்தார். ஒன்று மிச்சம். தூக்குகிற நேரத்தில் அந்தத் தம்பி வந்து, பாடையில் கட்டியிருந்த கயிற்றை இழுத்துப் பார்த்தார். ஒரு முடிச்சை அவிழ்த்து மறுபடி இறுக்கினார். அடுத்த முடிச்சையும் அப்படியே. யார் முகத்தையும் பார்க்கவில்லை. பன்னிரண்டாவது படம் அது. அந்த வீட்டார் அதற்குப் பிரதி கேட்கவில்லை. அப்பா ஒன்று போட்டு மேஜை இழுப்பறையில் வைத்திருந்தார். ஏழெட்டு வருஷம் கழித்துத் தம்பியும் போன பிறகு, அவர் சம்சாரம் கடைக்கு வந்து, "அண்ணனுந் தம்பியுஞ் சேந்தாப்ல ஏதாச்சும் போட்டோ இருக்குதுங்களா" என்று கேட்டது. இழுப்பறையைத் திறந்து அப்பா அதை எடுத்துக் கொடுத்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அரைமணி நேரம் வேப்பமரத்தடியில் நின்றிருக்காவிட்டால், கயிற்றை இழுத்துப் பார்க்கிற கை எங்களுக்கு யாரோ ஒரு கையாகத்தான் இருந்திருக்கும்.

உலகம் கொண்டாடுகிற படக்காரர்களும் இதைத்தான் செய்திருக்கிறார்கள். 1948இல் யூஜின் ஸ்மித் 'லைஃப்' பத்திரிகைக்காக அமெரிக்காவில் கொலராடோ மலைப்பகுதியில் கிரெம்லிங் என்ற சிற்றூருக்குப் போனார். அந்த வட்டாரத்துக்கே இருந்த ஒரே டாக்டரின் கூடவே 23 நாள் சுற்றினார். தொடக்கத்தில் கேமராவில் ஃபிலிமே போடாமல் எடுப்பதுபோல் எடுத்துக்கொண்டிருந்தார், டாக்டருக்கு அந்தச் சத்தம் பழகட்டும் என்று. பிறகு வந்த படங்களைத் தேடிப் பார். நீண்ட அறுவைச் சிகிச்சை முடிந்து, ராத்திரி ஆஸ்பத்திரிச் சமையற்கட்டில் காபிக் கோப்பையோடு அந்த டாக்டர் சாய்ந்து நிற்கிற படம் அதில் ஒன்று. பக்கத்தில் ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார் என்ற நினைப்பே இல்லாத முகம் அது.

கல்யாணத்தில் உனக்கு 23 நாள் யாரும் தரமாட்டார்கள். ஒரு சாயங்காலம் கிடைக்கும். மாப்பிள்ளை அழைப்புக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய்விடு. கேமராவைத் தோளில் போட்டுக்கொண்டு சும்மா நட. பூக்கூடை தூக்க ஆள் தேடினால் ஒரு பக்கம் பிடி. முதல் பந்தியில் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடு. தனிமேஜை போட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடு. பெண்ணின் அம்மாவிடமோ, அவருக்கு ஓய்வில்லையென்றால் சின்னம்மாவிடமோ இரண்டு கேள்வி கேள். பெண்ணை யார் வளர்த்தார்கள் என்பது ஒன்று. பல வீடுகளில் பதில் அம்மா அப்பாவாக இருக்காது. அம்மாயியாக இருக்கும், அத்தையாக இருக்கும், ஒரு வீட்டில் பள்ளிக்கூடத்துக்கு வண்டியில் கூட்டிப்போன பெரியப்பாவாக இருந்தது. இன்னொன்று, இந்தக் கல்யாணத்துக்கு இருந்திருக்க வேண்டியவர் யார் என்பது. அந்தக் கேள்விக்கு யாராவது பதில் சொல்லாமல் முகத்தைத் திருப்பினால், மறுநாள் முகூர்த்தத்தில் அவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்று பார்த்து வைத்துக்கொள். உன் செட்டில் இருக்கிற பிள்ளைகள் கூகுளிலிருந்து எடுத்த 'ஷாட் லிஸ்ட்' வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். அதைக் குறை சொல்லவில்லை, மாலை மாற்றுவதைத் தவறவிட்டால் திட்டு வாங்குவது நீதான். அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் ஆட்களின் பட்டியல் ஒன்று உன் கையில் இருக்கட்டும் என்கிறேன்.

எப்போது அமுக்குவது என்று கேட்டிருந்தாய். உன் கேமரா நொடிக்கு இருபது படம் எடுக்கும், நீயும் சிரிப்பு வந்ததும் விரலை எடுக்காமல் அமுக்கியிருக்கிறாய். சிரிப்பு உச்சத்தில் இருக்கும்போது எல்லா முகமும் ஒரே மாதிரிதான். அது இறங்குகிற நேரத்துக்குக் காத்திரு. அப்போதுதான் ஆள் தன் சிரிப்போடு யாரையாவது தேடித் திரும்புவார். யாரிடம் திரும்புகிறார் என்பதுதான் உனக்கு வேண்டிய படம். தூஷேன் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1862இலேயே முகத்தசைகளில் மின்சாரம் பாய்ச்சிப் படமெடுத்து, வாய் ஓரத்தை இழுக்கும் தசை நாம் சொன்னபடி கேட்கும், கண்ணைச் சுற்றிய தசை உண்மையான மகிழ்ச்சிக்குத்தான் அசையும் என்று எழுதிவைத்தார். "சிரிங்க சிரிங்க" என்று நீ சொல்லும்போது உனக்குக் கிடைப்பது வாய் மட்டும்.

சொல்லி எடுப்பதே தப்பு என்றும் நினைத்துவிடாதே. பாரிஸ் நகர மண்டபத்துக்கு முன்னால் ஒரு ஜோடி முத்தமிட்டுக்கொள்கிற படத்தை ராபர்ட் துவானோ 1950இல் எடுத்தார். தற்செயலாக அகப்பட்ட நொடி என்றே உலகம் நம்பியது. 1990களில் அது கேட்டு எடுத்தது, அவர்கள் நடிப்புப் பயிலும் மாணவர்கள் என்று தெரிந்தபோது பலருக்கு வருத்தம். ஆனால் அந்த இருவரும் அப்போது உண்மையாகவே காதலர்கள். அதனால்தான் அந்தப் படம் இன்னும் நிற்கிறது என்று நான் நினைக்கிறேன். உறவு நிஜமாக இருந்தால், ஒரு வேலையைச் சொல்லிக் கேட்பதில் பொய் வந்துவிடாது. உணர்ச்சியைச் செய்யச் சொல்லாதே, வேலையைச் சொல். "அப்பாவுக்குத் துண்டை மடிச்சுப் போட்டு விடும்மா" என்று சொல்லிவிட்டு விலகு. அவள் துண்டை மடிக்கிற விதத்தில் மிச்சமெல்லாம் வந்துவிடும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஏற்காட்டுக்கும் ஊட்டிக்கும் கூட்டிப்போய், நெற்றியோடு நெற்றி முட்டவைத்து, சினிமாப் பாட்டில் வருகிற மாதிரி எடுக்கிறீர்களே. காதலித்துக் கட்டுகிறவர்களானால் சரி. நம் பக்கம் இன்னமும் நிறையப் பேர், வீட்டார் பார்த்து முடித்து, நாலைந்து தடவை போனில் பேசி, இரண்டு தடவை நேரில் பார்த்து மணவறைக்கு வருகிறவர்கள். அவர்களுக்குள் அந்த நேரத்தில் இருப்பது காதல் இல்லை. ஒரு கூச்சம் இருக்கிறது, ஒரு மரியாதை இருக்கிறது, இந்த ஆள் எப்படிப்பட்டவர் என்று ஓரக்கண்ணால் அளக்கிற ஆவல் இருக்கிறது, கொஞ்சம் பயமும் இருக்கிறது. அத்தனையும் நிஜம். அதை அழித்துவிட்டு, இல்லாத நெருக்கத்தை அவர்கள் மேல் ஒட்டவைக்கிறோம். பத்து வருஷம் கழித்து ஆல்பத்தைப் புரட்டுகிறவளுக்கு அந்தப் படத்தில் தான் இருப்பதாகவே தோன்றாது. ஒரு தடவை தாலி கட்டி முடித்து, இருவரையும் மேடையில் தனியாக உட்காரவைத்துவிட்டு எல்லாரும் பந்திக்குப் போய்விட்டார்கள். மாப்பிள்ளை தன் முன்னால் இருந்த தண்ணீர் டம்ளரை மெதுவாக அவள் பக்கம் நகர்த்தினான். எடுத்துக் கொடுக்கத் தைரியம் இல்லை, நகர்த்தினான். அவள் டம்ளரைப் பார்த்தாளே தவிர அவனைப் பார்க்கவில்லை. அந்த ஆல்பத்தில் அவர்கள் சட்டம் போட்டு மாட்டிக்கொண்டது அந்தப் படத்தைத்தான்.

அப்பாக்கள் அழுவதைப் பற்றிக் கொஞ்சம். தாரை வார்க்கும்போது அப்பா அழுவார் என்று எல்லா கேமராவும் அவர் முகத்தில் போய் நிற்கும். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்றே ஒரு பகுதி இருப்பதைத் தமிழ் வகுப்பில் கேட்டிருப்பாய். உள்ளே நடப்பது உடம்பில் எப்படி வெளிப்படுகிறது என்பதுதான் அதன் பொருள். எட்டு மெய்ப்பாடு, ஒவ்வொன்றும் பிறப்பதற்கு நான்கு இடம். அழுகைக்குச் சொன்ன நான்கு: இளிவு, இழவு, அசைவு, வறுமை. அசைவு என்பதற்கு, முன்பிருந்த நல்ல நிலை மாறி வேறாகிப்போனதால் வரும் வருத்தம் என்று உரை சொல்கிறார்கள். பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற அப்பனின் அழுகை அதுதான். மகளை அவர் இழக்கவில்லை. அவர் இருந்த இடம் மாறிவிட்டது. அது மணவறையில் முழுசாக வராது, அங்கே அவருக்கு வேலை இருக்கிறது, வந்தவர்களைக் கும்பிட வேண்டும். மத்தியானம் மூன்று மணிக்கு, மண்டபத்துக்கணக்கு முடித்துச் சமையல்காரருக்குப் பணம் எண்ணிக் கொடுத்துவிட்டு, மணமகள் அறையில் மறந்துபோன சாமானைப் பார்க்கப் போவார். அங்கே ஒரு ஹேர் கிளிப்போ பழைய செருப்போ கிடக்கும். அந்நேரம் நீ கேமராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருப்பாய். பூட்டாதே.

ஆனால் அந்த அறை வாசலில் நின்று அவரைப் பார்க்கும்போது, எடுக்கலாமா என்ற கேள்வியும் உனக்கு வர வேண்டும். 2006இல் பெருந்துறைப் பக்கம் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் அம்மா புருஷனை இழந்தவர். மேடைப்பக்கம் வராமல், சமையற்கட்டுக் கதவோரம் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். மகன் தாலி கட்டிவிட்டு அந்தக் கதவைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு பேரையும் ஒரே படத்தில் எடுத்தேன். நான் எடுத்ததில் ஆகச் சிறந்தது என்று அப்போது நினைத்தேன். ஆல்பத்தில் இரண்டு பக்கம் சேர்த்து, பெரிதாகப் போட்டுக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து அந்த அம்மா கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "நான் ஒதுங்கி நின்னத ஊரே பாக்கோணுமுங்களா தம்பி" என்று கேட்டார். குரலை உயர்த்தவில்லை. அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டு வேறு அச்சடித்துக் கொடுத்தேன். நெகட்டிவையும் அவரிடமே கொடுத்துவிட்டேன். அவர் ஒதுங்கி நிற்கக் காரணமான வழக்கம் தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதற்கு அவர் முகத்தைச் சாட்சியாக வைக்க அவரிடம் நான் கேட்டிருக்க வேண்டும். அன்றைக்குப் பிறகு இப்படிப்பட்ட படத்தை, ஆல்பத்தில் வைப்பதற்கு முந்தி அந்த ஆளிடம் தனியாகக் காட்டிவிடுகிறேன். பெரும்பாலும் சரி என்பார்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்பதில்லை.

அதே யூஜின் ஸ்மித் 1971இல் ஜப்பானில் மினமாட்டாவில் எடுத்த படம் ஒன்று உண்டு. ஆலைக்கழிவின் பாதரசத்தால் கருவிலேயே உடல் பாதிக்கப்பட்ட மகளை, தாய் குளியல் தொட்டியில் ஏந்திப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பெற்றோரின் சம்மதத்தோடு எடுத்தது. அந்த ஊருக்கு நடந்த கொடுமையை உலகம் அறிந்ததில் அந்தப் படத்துக்குப் பெரிய பங்கு. மகள் இறந்து பல ஆண்டுகள் கழித்து, போதும், அவள் ஓய்வெடுக்கட்டும் என்று குடும்பம் விரும்பியது. ஸ்மித் அப்போது உயிரோடு இல்லை. படத்தின் உரிமையை வைத்திருந்த அய்லீன் ஸ்மித், 1998இல் இனி அதை வெளியிடுவதில்லை என்று முடிவெடுத்தார். நியாயமான காரியத்துக்காக எடுத்த, புகழ்பெற்ற படத்துக்கே அந்த மரியாதை உண்டு என்றால், நாம் எடுப்பதற்கும் உண்டுதானே.

பழகிக்கொள்ள எங்கே போவது என்று தேடாதே, வீட்டிலேயே தொடங்கு. நிக்கலஸ் நிக்சன் என்ற அமெரிக்கர் 1975இல் தன் மனைவியையும் அவருடைய மூன்று சகோதரிகளையும் நிற்கவைத்து ஒரு படம் எடுத்தார். பிறகு வருஷம் ஒன்றாக, நாற்பது ஆண்டு தாண்டியும் எடுத்துக்கொண்டே இருந்தார். நாலு பேரும் எப்போதும் அதே வரிசை. முக்காலியில் நிற்கும் பெரிய கேமரா, கறுப்பு வெள்ளை. கையைக் கட்டிக்கொண்டு விறைப்பாக நிற்பதில் தொடங்குகிறது. வருஷம் ஏற ஏறத் தோளில் ஒரு கை வருகிறது, பிறகு ஒருத்தி மேல் ஒருத்தி சாய்கிறார்கள். யார் வீட்டில் என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கிடையாது. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து வரிசையாகப் பார்.

நம் வீட்டில் வெள்ளிக்கிழமை தோறும் உங்கம்மா அம்மாயிக்கு எண்ணெய் வைத்துத் தலை சீவிவிடுகிறாள். சின்ன வயதில் உங்கம்மாவை உட்காரவைத்து அம்மாயி சீவிவிட்ட அதே திண்ணைதான். இப்போது இடம் மாறி உட்கார்ந்திருக்கிறார்கள். சீப்புச் சிக்கினால் அம்மாயி வைவாள், உங்கம்மா சீப்பை நிறுத்தாமலே பதில் சொல்வாள். மூன்று வெள்ளிக்கிழமை கேமராவை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார், எடுக்காதே. நாலாவது வெள்ளிக்கு நானும் வருகிறேன். அப்பிச்சியின் யாஷிகாவைப் போன மாதம்தான் ஷட்டர் பார்த்துத் துடைத்து வைத்தேன். ரோல் இரண்டு நம் ஃபிரிட்ஜில் முட்டைத் தட்டுக்கு அடியில் இருக்கிறது. மொத்தம் 24 படம். இருபத்துமூன்றை நீ எடு, ஒன்றை எனக்கு விட்டுவை. அம்மாயி உன்னைப் பார்க்கும்போது எடுத்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
மாமன்